செவிலியர் ஆவது எப்படி: பிளஸ் டூ முடித்த நாள் முதல் வார்டில் பொறுப்பேற்கும் நாள் வரை

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான வாரத்தில், எங்கள் வார்டு வாசலில் பெற்றோர் சிலர் மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். “சிஸ்டர், பிள்ளையை நர்சிங் சேர்க்கலாம்னு இருக்கோம், எங்கே சேர்க்கலாம்?” என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது எளிது. சேர்ந்து, படித்து முடித்து, கையில் ஒரு சான்றிதழோடு வந்து நிற்கும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்வதுதான் கடினம். நகைக்கடனில் கட்டிய பணத்தில் ஓராண்டு “ஹெல்த் அசிஸ்டன்ட்” பயிற்சி முடித்துவிட்டு, செவிலியர் வேலைக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெண்ணிடம், அந்தச் சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பதிவு செய்யவே முடியாது என்று நான் சொல்ல நேர்ந்தது. அவள் அழவில்லை, சான்றிதழை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியவள் அவள்தான்.

செவிலியர் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும். செவிலியராகப் பணியாற்ற மாநிலக் குழுமம் வழங்கும் பதிவு எண்ணை இந்தப் படிப்பு பெற்றுத் தருமா என்பது முதலாவது. இந்தக் கல்லூரியில் படிக்கும் காலத்தில் எத்தனை நோயாளிகளை என் கையால் கவனிப்பேன் என்பது இரண்டாவது. இங்கே தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: படிப்புகளைப் பிரித்தறிதல்

தமிழ்நாட்டில் செவிலியராகவோ துணைச் செவிலியராகவோ பதிவு பெற வழிவகுக்கும் அடிப்படைப் படிப்புகள் மூன்றுதான்.

ஏ.என்.எம். என்னும் துணைச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் படிப்பு இரண்டு ஆண்டுகள் கொண்டது. பெண்களுக்கு மட்டும் உரியது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் சேரலாம். ஊர்ப்புறத் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்ற இதுதான் பாதை. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்தப் பகுதியின் கர்ப்பிணிகளைப் பிக்மி தளத்தில் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, வீட்டுக்கு வீடு சென்று பிரசவித்த தாயையும் சேயையும் பார்ப்பது ஆகிய எல்லாம் அவர் பொறுப்பு. இதை இரண்டாந்தரப் படிப்பாக நினைப்பவர்கள் உண்டு. ஓர் ஊரில் எந்த வீட்டில் யார் எத்தனையாவது மாதம் என்று மனப்பாடமாகச் சொல்லும் கிராம சுகாதார செவிலியரோடு ஒரு நாள் நடந்து பார்த்தவர் அப்படி நினைக்க மாட்டார்.

ஜி.என்.எம். என்னும் பொதுச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் படிப்பு மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பு. நாடு முழுவதும் செவிலியர் கல்விக்கு விதி வகுக்கும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி, ஆங்கிலத்தில் தேர்ச்சியும் மொத்தத்தில் 40 விழுக்காடு மதிப்பெண்ணும் இருந்தால் எந்தப் பிரிவினரும் சேரலாம். ஆயினும் அரசு இடங்களுக்கான அறிவிப்பு அறிவியல் பாடங்களைக் கேட்கலாம் என்பதால், தகுதி வரிகளை அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 45 விழுக்காடும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு போதும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். 2021-22 முதல் எட்டுப் பருவங்களாகப் பாடத்திட்டம் மாற்றப்பட்டுள்ளது. இந்தியாவில் பட்டப் படிப்பாக நர்சிங் தொடங்கியது 1946-இல். அந்த ஆண்டில் தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று டெல்லி, மற்றொன்று நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே செவிலியர் பயிற்சிப் பள்ளி 1909 முதலே நடந்துவந்தது.

இவற்றுக்கு வெளியே “நர்சிங் அசிஸ்டன்ட்”, “ஹெல்த் அசிஸ்டன்ட்”, “பேஷன்ட் கேர் டிப்ளமோ” என்று பேருந்து நிலையத்துச் சுவரொட்டிகளில் காணும் ஆறு மாத, ஓராண்டுப் பயிற்சிகளை முடித்தவர்கள் உதவியாளராக வேலை பார்க்கலாம், அது கௌரவமான வேலையும்கூட. ஆனால் அவர்கள் சட்டப்படி செவிலியர் ஆக முடியாது. மேல்நிலைப் பள்ளித் தொழிற்பிரிவில் செவிலியம் பாடமாக எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். அந்தப் பாடம் நல்ல அடித்தளம் தரும், பதிவு எண் தராது.

வசதியும் மதிப்பெண்ணும் இடம் கொடுத்தால் பி.எஸ்சி.யையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து. ஜி.என்.எம். முடித்தவர் வார்டில் எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை. நான் வேலை கற்றுக்கொண்டதே ஜி.என்.எம். முடித்த மூத்த சிஸ்டர்களிடம்தான். ஆனால் மத்திய அரசுத் தேர்வுகளிலும் வெளிநாட்டு விண்ணப்பங்களிலும் பட்டம் பல ஆண்டுகளை மிச்சப்படுத்துகிறது. பணத் தட்டுப்பாட்டால் ஜி.என்.எம்.மில் சேர்பவர் மனம் தளர வேண்டாம். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்னும் இரண்டு ஆண்டுப் படிப்பின் வழியாக அதே பட்டத்தைப் பிறகு பெறலாம்.

இரண்டாம் படி: விண்ணப்பம்

அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும், மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. துணை மருத்துவப் பட்டப் படிப்புகளுக்கான அறிவிப்போடு பி.எஸ்சி. நர்சிங்கும் வரும். நீட் எழுதவில்லையே என்று கவலைப்பட்டு இந்த விண்ணப்பத்தையே போடாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ராணுவச் செவிலியர் பணிக்கான பி.எஸ்சி. இடங்களுக்கு நீட் மதிப்பெண் தேவை. எய்ம்ஸ் தனக்கென நுழைவுத் தேர்வு நடத்துகிறது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. பட்டயப் படிப்புக்கும் இவை உண்டு. கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள்; உரிய அங்கீகாரம் இல்லாத நிறுவனத்துக்கு வங்கி கடன் தர மறுக்கும்போதே உங்களுக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: கல்லூரியை நேரில் பார்த்தல்

கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். பார்க்க வேண்டியது மருத்துவமனையை. புதிதாகத் தொடங்கும் பி.எஸ்சி. கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நோயாளி இல்லாத இடத்தில் நர்சிங் கற்க முடியாது. காகிதத்தில் 100 படுக்கை இருந்து, காலை பத்து மணிக்கு அவற்றில் பன்னிரண்டில் மட்டும் ஆள் இருந்தால், நான்கு ஆண்டுகளும் பொம்மைக்கு ஊசி போட்டே முடிந்துவிடும்.

எனவே ஒரு வேலை நாளில், காலை நேரத்தில் போங்கள். புறநோயாளிப் பிரிவில் கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சீருடையில் இருக்கும் மாணவியரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், பிரசவ அறையில் எத்தனை பிரசவம் நேரில் பார்த்தீர்கள், வார்டில் உங்களோடு ஆசிரியர் நிற்கிறாரா. மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் அங்கே கற்பித்தல் குறைவு என்று பொருள். மாணவர்களை வார்டில் விட்டுவிட்டுக் கூலியில்லாத ஆளாகப் பயன்படுத்தும் இடங்களும் உண்டு. படுக்கை விரிப்பதும் மாதிரி எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடுவதுமாகவே அந்தப் பிள்ளைகளின் பயிற்சிக் காலம் கழியும்.

அதோடு மூன்று அங்கீகாரங்களைச் சரிபார்க்க வேண்டும்: இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம், பட்டப் படிப்பானால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு அல்லது உரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம். “விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்” என்ற பதிலை நம்பி ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, படிப்பு முடிந்ததும் இத்தனை ஆண்டு இங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காம் படி: படிக்கும் ஆண்டுகள்

முதல் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், செவிலிய அடிப்படைகள் என்று பாடங்கள் குவியும். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இந்தக் காலம் கடினம். பாடம் விளங்காததைவிட ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் அழவைக்கும். ஒரு நாளைக்குப் பத்து மருத்துவச் சொற்களை ஒரு சின்ன நோட்டில் எழுதி, பக்கத்திலேயே தமிழில் பொருளை எழுதிக்கொள்ளும் பழக்கம் ஆறு மாதத்தில் அந்த மலையைக் கரைத்துவிடும். பின்னர் நோயாளியிடம் தமிழில் விளக்க வேண்டிய கட்டம் வரும்போது அதே நோட்டு கை கொடுக்கும்.

பிறகு முதியோர் வார்டு, குழந்தைகள் வார்டு, அறுவை அரங்கு, பிரசவ அறை, மனநலப் பிரிவு, ஊர்ப்புறக் களப்பணி என்று சுழற்சி நடக்கும். எழுத்துத் தேர்வு எழுத வகுப்பில் 80 விழுக்காடு வருகை போதும். செய்முறைப் பயிற்சியிலோ நூறு விழுக்காட்டையும் நிறைவு செய்தால்தான் பட்டம் வழங்குவார்கள். விதியே வார்டுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்று பாருங்கள். கேஸ் புக்கில் எழுத வேண்டிய பிரசவங்களைப் பக்கத்து மாணவியிடமிருந்து பார்த்து எழுதுபவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். ஒரு நாள் இரவு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக நிற்கும்போது, குழந்தையின் தலை வெளிவரும் அந்த நொடியில் கையை எங்கே வைப்பது என்பதை எந்தப் புத்தகமும் வந்து சொல்லாது.

ஐந்தாம் படி: பதிவு

தேர்ச்சி பெற்றவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, மாநிலக் குழுமத்தில் பதிவு. பி.எஸ்சி., ஜி.என்.எம். இரண்டிலும் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆகிய இரண்டு பதிவும் சேர்ந்தே கிடைக்கும். நம் மாநிலத்தில் இதற்கான சட்டம் 1926-இலேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-இல் வந்தது. அதன் இடத்தில் புதிய தேசிய ஆணையத்தை அமைக்க 2023-இல் ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் கல்வி நேரங்களைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், கலந்துகொள்ளும் ஒவ்வொரு பயிலரங்கின் சான்றிதழையும் ஒரே கோப்பில் வைத்துவாருங்கள். சான்றிதழ்களில் பெயரின் முன்னெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். இந்த ஓர் எழுத்தால் வெளிநாட்டு விண்ணப்பம் மாதக்கணக்கில் நின்றுபோனவர்கள் உண்டு.

ஆறாம் படி: வேலை எப்படி இருக்கும்

இதை விரிவாகவே சொல்ல வேண்டும். பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே சேர்ந்துவிடுகிறார்கள்.

மருத்துவமனைக்கு மருத்துவமனை நேரம் சற்று மாறினாலும், காலை, பிற்பகல், இரவு என்று மூன்று ஷிப்டு. காலைப் பணி ஏழு அல்லது ஏழரைக்குத் தொடங்கும் என்றால் கால் மணி நேரம் முன்னால் வார்டில் இருக்க வேண்டும். இரவு சிஸ்டரிடமிருந்து ஓவர் எடுப்பதுதான், அதாவது ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் கேட்டுப் பொறுப்பை வாங்கிக்கொள்வதுதான், அன்றைய வேலையின் அடித்தளம். மேசையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து ஓவர் எடுக்காதீர்கள். படுக்கை படுக்கையாக நடந்து எடுங்கள். “எட்டாம் பெட், சர்ஜரி முடிஞ்சு ரெண்டாம் நாள், ராத்திரி நல்லாத் தூங்கினார்” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கண் சிறுநீர் சேகரிக்கும் பையில் இருப்பதன் அளவையும் நிறத்தையும், ட்ரிப் பாட்டிலில் மீதமிருப்பதையும், கையில் வென்ஃப்ளான் என்னும் ட்ரிப் ஊசி குத்திய இடம் சிவந்து வீங்கியிருக்கிறதா என்பதையும், காயத்தின் மேல் போட்ட கட்டு நனைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் அவர் வீட்டுக்குப் போகும் முன் கேட்டுவிட வேண்டும். பொறுப்பு கை மாறும் இடம் அது.

அடுத்து வெப்பநிலை, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு. இவற்றில் மூச்சின் எண்ணிக்கையைத்தான் பலரும் எண்ணாமல் “20” என்று எழுதிவிடுகிறார்கள். உடல் சீர்கெடத் தொடங்குவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த எண்தான். எண்ணும் முறையும் எளிதே. நாடி பிடிப்பதுபோல் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தபடியே, அவருக்குத் தெரியாமல் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். ஒருமுறை காய்ச்சலுக்குச் சேர்ந்திருந்த ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, பேச்சும் தெளிவாக இருந்தது, “எனக்கு ஒண்ணுமில்ல தாயி” என்று சிரித்தார். எண்ணினால் 28. மீண்டும் எண்ணினேன், 30. மருத்துவரை அழைத்தோம், பரிசோதனையில் கிருமி ரத்தத்தில் பரவத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அன்று பகலிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, பத்து நாள் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார்.

பிறகு மருந்து நேரம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்வோம். ஆனால் முப்பது பேருக்கு ஒரே நேரத்தில் மருந்து கொடுக்கும் பரபரப்பில்தான் அவை சோதிக்கப்படும். பெயரைச் சொல்லி “நீங்கதானே?” என்று கேட்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். “உங்க பேர் என்ன?” என்று கேட்டு, அவர் வாயால் சொல்லவைத்துக் கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுங்கள்.

கணக்கும் கை வர வேண்டும். 500 மி.லி. சலைனை 8 மணி நேரத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள், ட்ரிப் குழாய் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 சொட்டு; 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21. அதாவது சுமார் மூன்று நொடிக்கு ஒரு சொட்டு. கடிகாரத்தைப் பார்த்தபடி திருகைச் சரிசெய்து வைத்துவிட்டுப் போனால் போதாது; நோயாளி கையை மடக்கியதும் வேகம் மாறிவிடும், உடன் இருப்பவர் “சீக்கிரம் முடியட்டும்” என்று திருகிவிடுவதும் உண்டு. திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நான் செய்யவிருந்த ஒரு தவறைச் சொல்கிறேன். அது ஒரு தனியார் மருத்துவமனை. இன்சுலின் 20 யூனிட் போட வேண்டும். குப்பியில் இருந்தது ஒரு மி.லி.க்கு 100 யூனிட் வகை. என் கையில் இருந்தது 40 யூனிட் வகைக்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சு. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தேன். அந்தக் கோடு வரை இருப்பது அரை மி.லி.; அந்தக் குப்பியைப் பொறுத்தவரை 50 யூனிட். எனக்குப் பின்னால் நின்ற மூத்த சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, மூடியையும் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஆரஞ்சு மூடி 100-க்கு, சிவப்பு மூடி 40-க்கு. சத்தம் போடாமல் காட்டினார். அன்று முதல் இன்சுலினை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்காமல் நான் போட்டதே இல்லை, இருபது ஆண்டுகளுக்குப் பிறகும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அதைக் கரைசலில் கலந்து மெதுவாக ஏற்றலாம், நேராக நரம்பில் ஒருபோதும் செலுத்தக் கூடாது, இதயம் நின்றுவிடும்.

இதற்கிடையில் கட்டு மாற்றுதல், படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுதல், குடித்ததும் கழித்ததும் அளவிட்டு எழுதுதல், மருத்துவர் சுற்றுக்கு வரும்போது கூட நின்று புதிய உத்தரவுகளைக் குறித்துக்கொள்ளுதல், வீட்டுக்குப் போகிறவருக்கு மாத்திரைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தல் என்று நேரம் ஓடும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்குக் காலை மாத்திரை உறையில் சூரியனையும் இரவு மாத்திரை உறையில் பிறையையும் வரைந்து கொடுத்தால், அடுத்த முறை அவர் அதே காரணத்துக்காக வந்து படுக்க மாட்டார். கழிவுகளை 2016 விதிகளின்படி பிரிப்பதும் நம் கையில்தான் தொடங்குகிறது: ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், ட்ரிப் குழாயும் கையுறையும் சிவப்பில், ஊசி துளைபடாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில்.

கடைசியாகப் பதிவேடு. செய்ததை எழுதாவிட்டால் செய்யாததாகவே கருதப்படும். செய்யாததை எழுதுவது அதைவிடப் பெரிய குற்றம்.

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதற்குக் கவுன்சிலின் அளவுகோல் உண்டு: பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். நடைமுறையில் ஒரே சிஸ்டர் முப்பது பேரைப் பார்க்கும் இரவுகள் எத்தனையோ. இது நோயாளியின் உயிரோடு தொடர்புடைய குறை என்பதை ஒவ்வொரு செவிலியரும் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: உங்கள் உடலைக் காத்துக்கொள்ளுதல்

ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முதலாண்டிலேயே போட்டு முடியுங்கள்: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். பயன்படுத்திய ஊசியை மீண்டும் மூடாதீர்கள். குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிசையாமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டு விழும் என்று பயந்து மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் உங்கள் உயிரைவிடப் பெரிது இல்லை.

இரவுப் பணி உடலைத் தேய்க்கும். முடிந்து வந்ததும் அறையை இருட்டாக்கித் தூங்குங்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தூங்கலாம் என்று நினைத்தால் தூக்கமே கிடைக்காது. இதை வீட்டார்க்குத் திருமணத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நோயாளியின் உறவினர் கை ஓங்கினால் பொறுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதில் செவிலியரும் அடங்குவர். எழுத்தில் புகார் கொடுங்கள்.

எட்டாம் படி: வேலையும் ஊதியமும்

மாநில அரசுப் பணிக்கு 2012-இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடும். தொகுப்பூதியத்தில் சேர்ந்து, காலமுறை ஊதியத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்களின் போராட்டங்களை நாம் அறிவோம். சேரும்போதே நியமன ஆணையின் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் வலிநிவாரணச் செவிலியர் பணியும் உண்டு. படுக்கையில் கிடப்பவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யும் அந்த வேலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மத்திய அரசில் எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு முக்கியமானது. பி.எஸ்சி. முடித்துப் பதிவு பெற்றவர் அனுபவம் இல்லாமலே எழுதலாம், ஜி.என்.எம். முடித்தவருக்கு 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் வேண்டும். தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.44,900. ஜிப்மர், இ.எஸ்.ஐ., ரயில்வே அறிவிப்புகளையும் கவனித்துவாருங்கள். சில அறிவிப்புகளில் ஆண்களுக்கு இடம் குறைவாக இருக்கலாம் என்பதால், பிரதர் என்று அழைக்கப்படவிருக்கும் தம்பிகள் படிக்கும் காலத்திலேயே தேர்வுக்குத் தயாராக வேண்டும்.

தனியார் துறையில் ஊதியம் பெரும் குறையாகவே நீடிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016-இல் அளித்த உத்தரவின்படி அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையாகவும், 50-க்குக் குறைந்த இடங்களில்கூட மாதம் ரூ.20,000-க்குக் குறையாமலும் தரப் பரிந்துரைத்தது. அதில் பாதிகூடக் கொடுக்காத இடங்கள் இன்னும் உண்டு. நேர்காணலில் இந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுங்கள்.

முதல் வேலையை ஊதியத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றும் சொல்வேன். பலவகை நோயாளிகள் வரும், கேள்வி கேட்டால் சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்கள் இருக்கும் பெரிய வார்டில் இரண்டு ஆண்டுகள் நின்றுவிட்டால், அதன்பின் எங்கும் நிற்கலாம்.

ஒன்பதாம் படி: மேற்படிப்பும் வெளிநாடும்

பி.எஸ்சி.க்குப் பிறகு ஓராண்டு அனுபவத்துடன் எம்.எஸ்சி. சேரலாம். பொது மருத்துவ அறுவை, குழந்தைகள் நலம், மனநலம், சமூக நலம், மகப்பேறு ஆகிய பிரிவுகள் உள்ளன. கற்பிக்க விரும்புபவருக்கு இது உரியது. நோயாளியின் பக்கத்திலேயே இருந்து உயர விரும்புபவருக்குத் தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சை, புற்றுநோய்ப் பராமரிப்பு போன்ற ஓராண்டுச் சிறப்புப் பட்டயங்களும், தீவிர சிகிச்சையில் இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் உண்டு.

பிரிட்டனுக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வேண்டும்: ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 7, எழுத்தில் மட்டும் 6.5, அல்லது ஓ.இ.டி.யில் பி, அதன்பின் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்னும் செவிலியர் உரிமத் தேர்வு. வளைகுடாவுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பும் அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வும், பெரும்பாலும் இரண்டாண்டு அனுபவமும். ஜெர்மனிக்கு அந்த மொழியே முதல் தேவை. முகவரிடம் போவதற்கு முன், அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். தனியார் முகவரானால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று சரிபாருங்கள். கடவுச்சீட்டை யாரிடமும் அடகாகக் கொடுக்காதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் கேட்கப்படுவது அனுபவச் சான்றிதழ். “இன்னார் இங்கே பணியாற்றினார்” என்ற ஒற்றை வரி பயன்படாது. மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, நீங்கள் பணியாற்றிய வார்டு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரப் பணி என்ற குறிப்பு, பதிவு எண், கையெழுத்திட்டவரின் பதவியும் முத்திரையும் ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். விலகல் கடிதம் கொடுக்கும் நாளிலேயே இதை எழுத்தில் கேட்டு, கடைசிப் பணி நாளுக்குள் கையில் வாங்கி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.